பொங்கலூர் தோட்டத்துல ஒரு ஜெர்மன் டீ-ஷர்ட்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடை எங்க அப்பாருகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன். கொங்குப் பக்கம் இல்லாதவங்களுக்காகச் சொல்றேன், அப்பாருன்னா அப்பாவோட அப்பா. பொங்கலூர்ல எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. அப்பாரு ஆடு மேய்க்கப் போகும்போது வேட்டிக்கு மேல எப்பவும் ஒரு டீ-ஷர்ட் போட்டிருப்பாரு. அதுல நெஞ்சு முழுக்க ஜெர்மன் மொழியில ஏதோ எழுதியிருக்கும். நான் ஸ்கூல் படிக்கும்போது அதை ஒரு எழுத்து விடாம நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். காலேஜ் வந்தப்புறம்தான் அர்த்தம் பார்த்தேன். ஏதோ ஒரு ஊர் மழலையர் பள்ளியோட கோடை விழாவாம். எழுபது வயசு மனுசன், கையில தொரட்டி, நெஞ்சுல ஜெர்மன் எல்.கே.ஜி.

இது எங்க வீட்டு அதிசயம்னு நினைச்சுக்காதீங்க. பொங்கலூர், பல்லடம், காங்கயம் பக்கம் யாரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒரு கதை சொல்லுவாங்க. வெளிநாட்டு ஆர்டர்ல தையல் கோணலாப் போனது, கலர் மாறினது, கப்பலுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராதது எல்லாம் 'செகண்ட்ஸ்' ஆகிடும். திருப்பூர் காதர்பேட்டையில மூட்டை மூட்டையா விக்கும். அங்கிருந்து சந்தைக்கு, சந்தையில இருந்து அப்பாரு முதுகுக்கு. உலக வணிகம் எங்க ஊருக்கு முதல்ல வந்தது ரிஜெக்ட் ஆன சரக்காத்தான்.

அந்த டீ-ஷர்ட் எப்படி இங்க வந்துச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை. அதுக்குள்ள இன்னொரு கேள்வியும் இருக்கு. இந்த வியாபாரத்துல யாரு மொதலாளி ஆனாங்க, ஏன் அவங்க ஆனாங்க?

பொங்கலூர் கோவை - திருச்சி ரோட்டுல, பல்லடத்துக்குக் கிழக்கே இருக்கு. திருப்பூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். எங்களுக்கு ஆறு கிடையாது. மழை கம்மி. பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்கால் தண்ணி பாசனப் பகுதிகளுக்கு முறை வெச்சுத்தான் வரும், மீதி எல்லாம் கிணறுதான். கிணத்தை நம்பி வெள்ளாமை பண்றவனுக்கு ஒரு குணம் வந்துடும்னு எங்க அப்பா சொல்லுவாரு. கிணறு வெட்டப் பணம் வேணும், கடன் வேணும், ஆள் வெச்சு வேலை வாங்கத் தெரியணும், தண்ணி வரலைன்னா நட்டத்தைத் தாங்கவும் தெரியணும். நெல் விளையற ஊர்ல இதெல்லாம் இல்லையான்னு சண்டைக்கு வராதீங்க. ஆனா இது முக்கியம், பின்னாடி வருது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல இந்தப் பக்கத்துக்குக் கம்போடியா பருத்தி வந்தது. நீள இழை, மில்லுக்குப் பிடிச்ச ரகம், கிணத்துப் பாசனத்துல நல்லா விளையும். 1860கள்லயே ரயில் வந்துட்டதால திருப்பூர் பெரிய பருத்திச் சந்தை ஆச்சு. 1932ல பைக்காரா நீர்மின் நிலையம் வந்ததும் கோவையில மில்லு பெருகுச்சு, தோட்டத்துல கரண்ட் மோட்டாரும் வந்துச்சு. ஆக எங்க ஊர் விவசாயி உலகச் சந்தையை 1978லதான் முதல்முறை பார்த்தாருன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பருத்தி விலை பம்பாயில என்ன, லிவர்பூல்ல என்னங்கறது ரெண்டு தலைமுறைக்கு முன்னாடியே அவரைத் தொட்டுக்கிட்டுத்தான் இருந்தது.

திருப்பூர்னா சுதந்திரப் போராட்டத்துல கதர் ஊரு. அகில இந்திய சர்க்கா சங்கத்தோட தமிழ்நாட்டு வேலை இங்கிருந்துதான் நடந்தது. 1932 ஜனவரியில கொடியை விடாம அடிவாங்கி இறந்த குமரனை எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்ல, அதே காலத்துல, சத்தமில்லாம இன்னொண்ணு நடந்துச்சு. 1925ல குலாம் காதர்ங்கற வியாபாரி பின்னல் மிஷின் கொண்டுவந்து பனியன் போட ஆரம்பிச்சாருன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. அன்னைக்குப் பனியன்னா கல்கத்தா. தொழிலும் பேரும் அங்கதான். திருப்பூர் ரொம்ப நாள் கல்கத்தாவுக்குத் தம்பியாத்தான் இருந்தது. 1960கள், 70கள்ல கல்கத்தாத் தொழில்ல பிரச்சனை மேல பிரச்சனை வர, வடக்கத்தி வியாபாரிங்க சரக்குத் தேடித் தெற்கே திரும்பினாங்க.

அப்போ திருப்பூர்ல தயாரானது வெள்ளை பனியன், ஜட்டி. அவ்வளவுதான். இதை மனசுல வெச்சுக்கோங்க.

1978ல வெரோனாங்கற இத்தாலிய வியாபாரி, பம்பாய் ஏற்றுமதிக்காரங்க வழியா, வெள்ளை டீ-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தாரு. ஊரோட ஏற்றுமதிக் கதையை எல்லாரும் அவர்கிட்ட இருந்துதான் ஆரம்பிப்பாங்க. ஏன் பம்பாய் வழியா? அப்போ துணி வியாபாரம் உலகம் முழுக்கக் கோட்டாவுல ஓடிட்டிருந்தது. 1974ல வந்த பல்லிழை ஒப்பந்தம், அதாவது எம்.எஃப்.ஏ., எந்த நாடு எந்தப் பணக்கார நாட்டுக்கு எத்தனை உருப்படி அனுப்பலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தது. கோட்டா யார் கையில இருக்கோ அவங்கதான் ஏற்றுமதிக்காரங்க. தைக்கத் தெரிஞ்சவன் திருப்பூர்ல இருந்தான். கோட்டாவும் பையரோட பழக்கமும் பம்பாய்ல இருந்துச்சு. 1981ல ஐரோப்பாவின் பெரிய கடைத் தொடர் சி அண்ட் ஏ வந்தது. அதுக்கப்புறம் இங்க இருந்தவங்க பம்பாயைத் தாண்டி நேரா பையரைப் பிடிக்கப் பழகிட்டாங்க. 1985ல ஏற்றுமதி 20 கோடி ரூபாய்க்கும் கீழே. 1990ல கிட்டத்தட்ட 290 கோடி. அதே வருஷம் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்குறாங்க. 1991 ஜூலையில ரூபாய் மதிப்பைக் குறைச்சாங்க. டாலர்ல சம்பாதிக்கறவனுக்கு ஒரே வாரத்துல கூடுதல் ரூபாய்.

சரி, இதுல எங்க பொங்கலூர் எங்க வருது?

ஒரு டீ-ஷர்ட் எப்படித் தயாராகுதுன்னு பார்ப்போம். நூல் ஒரு இடத்துல வாங்குவாங்க. நிட்டிங் இன்னொருத்தர். துணி சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங். பிரிண்டிங் வேற ஆளு. கட்டிங் பெரும்பாலும் கம்பெனியிலேயே. அப்புறம் பவர் டேபிள், அதாவது தையல் ஜாப்வொர்க் யூனிட். அங்க ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், பக்கத்துல கைமடி. பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். 'ஏற்றுமதிக் கம்பெனி'ன்னு நீங்க போர்டு பார்க்கற இடத்துல இதுல பாதி வேலைகூட நடக்காம இருக்கலாம். இருபது ஆளுங்க சேர்ந்து ஒரு கம்பெனி மாதிரி நடிக்கறாங்கன்னு சொல்லலாம்.

எப்படி இப்படி ஆச்சு? இங்க 1984ஐப் பத்திச் சொல்லணும். ஏற்றுமதிப் புகழ்க் கதைகள்ல இந்த வருஷத்தைச் சாமர்த்தியமா தாண்டிடுவாங்க. அந்த வருஷம் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. நாலு மாசத்துக்கு மேல, கூலி இல்லாம. வேலைநிறுத்தம் முடிஞ்சப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. பெரிய யூனிட்டுகள் சின்னச் சின்னதா உடைஞ்சுது. நேரடி வேலை ஜாப்வொர்க் ஆச்சு, சம்பளம் பீஸ் ரேட் ஆச்சு. அப்போ இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி, கரண்ட் வெச்சு ஓடற இடத்துல பத்துப் பேர் இருந்தாத்தான் அது ஃபேக்டரியா இருந்துச்சு. ஒன்பது பேர் வேலை செய்யற ஓட்டுக் கொட்டாய் எத்தனை இருந்தாலும் அந்தக் கணக்குல வரல. ஐரோப்பாவுல ஆர்டர் ஏறி இறங்கும், சீசன் மாறும். அந்த ஏத்த இறக்கத்தைத் தாங்க இந்த அமைப்பு கச்சிதமாப் பொருந்திப் போச்சு. ஆர்டர் இருந்தா ஒன்றரை ஷிப்ட், ரெண்டு ஷிப்ட். இல்லைன்னா 'நாளைக்கு வர வேண்டாம்'. அவ்வளவுதான் விஷயம்.

இந்த அமைப்பை ரெண்டு பேர் ரெண்டு விதமாப் படிச்சிருக்காங்க. அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ரொம்ப சுவாரசியமா இருக்கும்.

முதல் ஆளு ஷரத் சாரி, புவியியல் ஆய்வாளர். 1990கள்ல திருப்பூர்ல தங்கி, முதலாளிங்களோட வாழ்க்கைக் கதைகளை உக்காந்து கேட்டாரு. 2004ல 'ஃபிராட்டர்னல் கேபிடல்'னு புத்தகம் வந்துச்சு. அவர் கண்டுபிடிச்சது என்னன்னா, அந்த முதலாளிகள்ல நிறையப் பேர் முன்னாடி அதே பனியன் கம்பெனியில தொழிலாளியா இருந்தவங்க. கவுண்டர் விவசாயக் குடும்பத்துல இருந்து வந்தவங்க. 'எப்படி ஜெயிச்சீங்க?'ன்னு கேட்டா திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை சொன்னாங்களாம்: உழைப்பு. சாரி அந்த வார்த்தையை அப்படியே ஏத்துக்கல. தோட்டத்துல பண்ணையாள் வெச்சு, அவங்களோட தானும் இறங்கி, வேலை வாங்கின பழக்கம்தான் கம்பெனிக்கு வந்துச்சுங்கறாரு. அந்தக் கிணத்தடிக் குணம்னு சொன்னேனே, அது. அதோட, இந்த 'உழைப்பு' கதையில யாருக்கு இடம் இல்லைன்னும் காட்டுறாரு. பொம்பளைங்களும் உழைச்சாங்க. தலித் தொழிலாளிங்களும் உழைச்சாங்க. உழைப்பு மட்டும் போதும்னா அவங்கள்ல எத்தனை பேர் மொதலாளி ஆகியிருக்கணும்?

ரெண்டாவது, அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும். ஆமாங்க, 2019ல நோபல் வாங்கின அதே பானர்ஜி. அவங்க 1990கள்ல திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளோட கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. கட்டுரை 2004ல வந்தது. ஊர்க் கவுண்டர்கள் நடத்தற கம்பெனிகளை ஒரு பக்கமும், வெளியில இருந்து வந்து தொழில் பண்றவங்களோட கம்பெனிகளை இன்னொரு பக்கமும் வெச்சாங்க. உள்ளூர்க்காரங்க ஆரம்பிக்கும்போதே மிஷின், கட்டடம்னு அதிக முதல் போடறாங்க. வெளியாளுங்க கம்மியா போட்டு ஆரம்பிக்கறாங்க. ஆனா வெளியாளுங்களோட உற்பத்தி வேகமா வளர்ந்து, சில வருஷத்துல உள்ளூர்க்காரங்களைத் தாண்டிடுது. அப்பவும் அவங்ககிட்ட இருக்கற முதல் கம்மிதான்.

பொருளாதாரப் புத்தகம் என்ன சொல்லும்? பணம் எங்க அதிகம் சம்பாதிக்குமோ அங்க ஓடும்னு சொல்லும். இங்க ஓடல. ஏன்? விவசாயத்துல சேர்ந்த பணத்தைப் போட ஊர்ப் பெரியவங்களுக்கு வேற நல்ல இடம் இல்லை. தெரியாத ஆளுகிட்டக் குடுக்கத் தைரியமும் இல்லை. அதனால மச்சான், பங்காளி, சொந்தத்துல ஒருத்தன் கம்பெனி வெச்சா அங்க போட்டாங்க. நல்லா நடத்தத் தெரிஞ்ச வெளியாளுக்கு அந்தக் கதவு திறக்கல.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஏன்னா இதை நான் கல்யாண மண்டபத்துல பார்த்திருக்கேன். எங்க உறவுல ஒரு மாமா, 1990கள்ல பவர் டேபிள் போட்டாரு. ஒரு பேங்குக்கும் போகல. ஒரு சீரு விருந்துல, சாப்பிட்டுக் கை கழுவற இடத்துல, மூணு பேர் 'நான் இவ்வளவு தர்றேன் மாப்ள'ன்னாங்க. பேப்பர் கிடையாது, ஜாமீன் கிடையாது. அவரு ஏமாத்தினா அடுத்த விருந்துக்கு எந்த முகத்தோட வருவாரு? அதுதான் ஜாமீன். அழகான ஏற்பாடுதான். ஆனா அதே மண்டபத்துல பந்தி பரிமாறிட்டு இருந்தவரும் ஒரு நல்ல பேட்லாக் டெய்லர். அவர்கிட்ட யாரும் 'இவ்வளவு தர்றேன்'னு சொல்லல. அவரு இன்னைக்கு வரைக்கும் டெய்லர்தான்.

சாரி சரியா, பானர்ஜி - முன்ஷி சரியா? என்னைக் கேட்டா, ரெண்டு பேரும் ஒரே மண்டபத்தோட ரெண்டு வாசல்ல நின்னு பார்த்தாங்க. ஒருத்தர் உள்ளே எப்படி இவ்வளவு நம்பிக்கை வந்துச்சுன்னு கேட்டாரு. மத்தவங்க வெளியில நிக்கறவனுக்கு என்ன ஆச்சுன்னு கணக்குப் போட்டாங்க. திருப்பூரை 'உழைப்பால் உயர்ந்த ஊர்'னு மட்டும் பாராட்டற யூடியூப் வீடியோக்கள்ல இந்த ரெண்டாவது வாசல் வரவே வராது.

இப்போ அந்த வெள்ளை பனியன் விஷயத்துக்கு வர்றேன். வெள்ளை போடற ஊரு கலர் போட ஆரம்பிச்சதும் சாயம் வந்தது, சாயத்தோட தண்ணித் தேவை வந்தது. அப்போ ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட நூறு லிட்டருக்கு மேல தண்ணி போகும். சுத்தியிருக்கற கிராமத்துக் கிணத்துல இருந்து டேங்கர் லாரியில திருப்பூருக்குத் தண்ணி போச்சு. வெள்ளாமை பண்றதைவிடத் தண்ணியை விக்கறது லாபம்னு கணக்குப் போட்ட விவசாயிங்க உண்டு. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ள போன தண்ணி நல்ல தண்ணி. வெளிய வந்தது உப்பும் சாயமும். அது நொய்யல்ல இறங்குச்சு.

நொய்யல் கீழ்ப்பக்கத்துல, பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்துல திறந்தது. சில வருஷத்துலயே அது சாயக்கழிவுத் தேக்கம் ஆயிடுச்சு. அணை வேணும்னு கேக்கற விவசாயியைப் பார்த்திருப்பீங்க. 'தயவுசெஞ்சு அணையில தண்ணி தேக்காதீங்க'ன்னு கேட்ட விவசாயிங்க இவங்க. நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. வருஷக்கணக்கா வழக்கு. கடைசியில 2011 ஜனவரி 28ஆம் தேதி, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு வராத சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. எழுநூறுக்கும் மேல பட்டறைகள்.

அந்த மாசங்களை எங்க பெரியம்மா நல்லா ஞாபகம் வெச்சிருக்காங்க. அவங்க செக்கிங்ல இருந்தாங்க. காலையில ஏழரைக்குப் பொங்கலூர்ல கம்பெனி வேன் வரும், ராத்திரி எட்டரைக்குக் கொண்டுவந்து விடும். சாயம் இல்லைன்னா துணி இல்லை, துணி இல்லைன்னா செக்கிங் எங்க? வேன் முதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. 'ஆத்துக்காரங்க மேல கோவமா பெரியம்மா?'ன்னு ஒரு தடவை கேட்டேன். 'கோவம் எதுக்குடா? அவங்க கிணத்துல ஊத்துனதைத்தான நாங்க ஆறு மாசம் குடிச்சோம்'னாங்க. எங்க ஊர்ல ஆறு இல்லைன்னு சொன்னேன் இல்லையா. அவங்க சொன்னது தண்ணியை இல்லை.

பட்டறைகள் திரும்பத் திறந்தப்போ, கழிவு நீரைச் சுத்திகரிச்சுத் திரும்பப் பயன்படுத்தற முறையோட வந்தாங்க. செலவு அதிகம். இன்னைக்கு வெளிநாட்டு பையர்கிட்ட இதைப் பெருமையாச் சொல்லி ஆர்டர் கேக்கறாங்க. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா அதைக் கொண்டுவந்தது பையரும் இல்லை, மொதலாளியும் இல்லை. உப்பு ஏறிப்போன நிலத்தை வெச்சுக்கிட்டு கோர்ட்டு வாசல்ல நின்ன விவசாயிங்க.

உலகப் பக்கம் ஒரு நிமிஷம் போயிட்டு வரலாம். 2005 ஜனவரி 1ஆம் தேதி கோட்டா முறை முடிஞ்சது. சீனா எல்லாத்தையும் வாரிட்டுப் போயிடும்னு இங்க ஒரே பயம். அந்த வருஷமே ஐரோப்பா பயந்துபோய்ச் சீனத் துணிக்கு மறுபடி வரம்பு போட்டு, கோடிக்கணக்கான உருப்படி ஐரோப்பியத் துறைமுகங்கள்ல மாட்டிக்கிட்டது தனிக் காமெடி. திருப்பூர் பிழைச்சுது. ஆனா கோட்டா போன இடத்துல வரி வந்து உக்காந்துச்சு. பங்களாதேஷ் மிகவும் வளர்ச்சி குறைந்த நாடுங்கற கணக்குல 2001ல இருந்து ஐரோப்பாவுக்கு வரியில்லாம அனுப்புது. வியட்நாமுக்கு 2020 ஆகஸ்ட்ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. திருப்பூர் டீ-ஷர்ட் அதே கடைக்கு வரி கட்டிட்டுப் போகணும். தையல் நல்லா இருக்கா இல்லையாங்கறது அப்புறம். முதல்ல நீ எந்த நாட்டு ஆளு?

2025ல இது தலைகீழா அடிச்சுது. 2024-25ல திருப்பூர் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. அதுல மூணுல ஒரு பங்கு அளவு அமெரிக்காவுக்கு. ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டுச்சு. ஆகஸ்ட் 27ல இன்னொரு 25. ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கினதுக்குன்னு காரணம் சொன்னாங்க. பிரிட்டனோட ஜூலைல கையெழுத்தான ஒப்பந்தத்தைக் காட்டி 'கவலைப்படாதீங்க'ன்னு சொன்னவங்க உண்டு. அது அப்போ இன்னும் நடைமுறைக்கு வரலையே.

அந்த ஆகஸ்ட் கடைசியில நான் ஊருக்குப் போயிருந்தேன். அந்த மாமாவோட பையன், எனக்கு மச்சான் முறை, இப்போ பொங்கலூர்லயே பன்னெண்டு மிஷின் வெச்சுப் பவர் டேபிள் நடத்தறான். வெட்டின பீஸ் கட்டுக் கட்டா சுவரோரம் அடுக்கியிருந்துச்சு. குழந்தைங்க டீ-ஷர்ட், அமெரிக்க ஆர்டர். தைக்கலாமா வேண்டாமான்னு கம்பெனியில இருந்து ஒரு வாரமா பதில் இல்லை. தைச்சா கூலி எப்போ வரும்னு தெரியாது. தைக்கலைன்னா டெய்லருங்க வேற இடத்துக்குப் போயிடுவாங்க. அதுல பாதிப் பேர் பீகார், ஒடிசா பசங்க. ரூம் வாடகை வேற இவன்தான் கட்டறான்.

'நம்ம ஊருல கோழிக்கும் வெலை பல்லடத்துல சொல்றாங்க, தறிக்கும் கூலி பல்லடத்துல பேசறாங்க. சண்டை போடவாச்சும் ஒரு ஆபீஸ் இருக்குது. இதுக்கு எங்க போய் யாரைக் கேக்கறது மச்சா?'ன்னான்.

எனக்குப் பதில் தெரியல. டீ குடிச்சோம். சாயங்காலம் காதர்பேட்டையில இருந்து ஒரு வியாபாரி போன் பண்ணாரு. உள்நாட்டுக்கு நைட் பேன்ட், பீஸுக்கு ரெண்டு ரூபா கம்மி, துணி நாளைக்கே வரும்னாரு. மச்சான் கொஞ்ச நேரம் போனைக் கையில வெச்சுட்டு அந்தக் கட்டுகளைப் பார்த்தான். அப்புறம் பசங்களைக் கூப்பிட்டு, அமெரிக்கக் கட்டு மேல ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடச் சொன்னான்.